காப்பர் டி ‘தானா விழுந்திருக்கும்’ என்றார்கள், குடலில் இருந்தது

ஆபரேஷன் முடிந்து நல்லபடியாகக் குடியாத்தம் வந்து சேர்ந்துவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

சின்னவனுக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மறுபடி கர்ப்பம் தரிக்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் போட்ட காப்பர் டி. அதன் நுனியில் தொங்கும் நூல் தட்டுப்படவில்லை என்று காட்டப் போனேன். ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. “தானா விழுந்திருக்கும், போம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். விழுந்ததை நான் பார்க்கவே இல்லையே என்றதற்குப் பதில் இல்லை. குடலுக்கு நடுவே கிடப்பது ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். அந்த எக்ஸ்ரேயை ஒருவரும் எழுதித் தரவில்லை.

அப்புறம் இடது அடிவயிற்றில் வலி, மலத்தில் ரத்தம். மூலம் என்று களிம்பு கொடுத்தார்கள். கடைசியில் வேலூரில் ஒரு டாக்டரம்மாதான், “காப்பர் டி போட்டீங்களா? எடுத்தாச்சா?” என்று கேட்டார். எக்ஸ்ரேயில் சாய்ந்து கிடந்தது. சி.டி.யில் பார்த்தால் அதன் ஒரு கை பெருங்குடலின் கடைசி வளைவைத் துளைத்து உள்ளே போயிருந்தது. கர்ப்பப்பை துளைபடுவதே ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், குடல்வரை போவது அதிலும் அபூர்வமாம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் போட்டால் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

எப்போது, எந்த வகை போட்டது என்று கேட்டார்கள். அதையெல்லாம் எழுதித் தரும் அட்டை என்னிடம் கொடுக்கப்படவே இல்லை. பழைய ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பழைய நோட்டெல்லாம் கட்டி மேல போட்டாச்சு” என்றார். என் வீட்டுக்காரர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நோட்டு தூசியோடு இறங்கி வந்தது. தேதி, 380ஏ என்ற வகை, எல்லாம் இருந்தது! அட்டையைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் கையெழுத்துத் தாளில், குடலை வெட்ட நேர்ந்தால் கொஞ்ச காலம் வயிற்றில் மலப்பை வைக்கலாம் என்றிருந்தது. படித்ததும் கை நடுங்கியது. அதற்கு வேலை வரவில்லை. சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியிலேயே எடுத்து, ஓட்டையைத் தைத்துவிட்டார்கள்.

நூல் தெரியவில்லை, ஸ்கேனிலும் இல்லை என்றால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வயிறும் இடுப்பும் சேர்த்து எக்ஸ்ரே கேளுங்கள். காப்பர் டி வயிற்றுக்குள் கிடந்தால், வலி இல்லாவிட்டாலும் அதை எடுத்துவிடத்தான் சொல்வார்கள். செம்பு இருக்கும் இடத்தில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, இடம் மாறிய காப்பர் டியை நம்பி இருக்க முடியாது, கர்ப்பம் தரிக்கலாம். அதுவரைக்கும் வேறு என்ன வழி என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை.