பாயான் லெப்பாஸும் பயிற்சிப் பணமும்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது 1972-இல். அதே ஆண்டு சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில்தான் திறந்தது. அந்தக் காலத்தில் சிப்பில் கம்பி இணைத்தவை பெண்களின் கைகள். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். என் அத்தையும் செய்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் கண் எரியுது என்று படுத்துவிடுவார்.

இன்று அதை இயந்திரம் செய்கிறது, நொடிக்குப் பல கம்பிகள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. யார் கண்ணும் அப்படிக் கெட வேண்டாம்.

சரி, அந்த இருக்கையில் இருந்தவர் எங்கே போவார்? 40 வயது தாண்டிய ஆப்பரேட்டர் அக்காக்களை நினைத்துத்தான் கவலை. இயந்திரம் வந்து இறங்கிய பிறகு பயிற்சி கொடுப்பது தாமதம். வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். அதற்குப் பணமும் இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர்கள் உள்ள ஆலைகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குக் கட்டுகின்றன. ஊழியரிடம் பிடிப்பதல்ல, முதலாளி கட்டுவது. பினாங்கில் 1989 முதல் திறன் மேம்பாட்டு மையமும் இருக்கிறது.

ஆலையில் வேலை செய்யும் அக்கா, தம்பிகளே, உங்கள் எச்.ஆரிடம் (மனிதவளப் பிரிவிடம்) போய் இந்த நிதியில் பயிற்சி தரச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.