புது மலையில் ஓர் ஆர்க்கிட்: பதிவு நிற்க என்னென்ன வேண்டும்

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஹேபனேரியா என்ற தரைவாழ் ஆர்க்கிட் வகையில் ஒன்று பூத்திருக்கிறது, அந்த மலைக்கு அது புதிது என்று தோன்றுகிறது. அதை நிரூபிப்பது பூவின் உள்ளமைப்பும் பழைய ஹெர்பேரியம் ஷீட்டுகளும் (உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமித்த செடி மாதிரிகள்) தான்.

வனத்துறையின் சேகரிப்பு அனுமதி முன்பே கையில் இருக்க வேண்டும். செடியைப் பார்த்ததும் முதலில் எண்ணுங்கள். பத்துப் பதினைந்துதான் என்றால் இரண்டு பூவும் படங்களும் போதும். நிறைய இருந்தால் ஒரு தண்டை மட்டும் வெட்டுகிறோம், கிழங்கைத் தோண்டுவதில்லை. அடியில் அடுத்த ஆண்டுக்கான புதுக் கிழங்கு வளர்ந்துகொண்டிருக்கும். இலை போனால் அது சிறுத்துவிடும், அதனால்தான் ஒரு தண்டோடு நிறுத்துகிறோம்.

அதிகம் கெடுவது பூதான். செடியை அழுத்தி உலர்த்தும் பிரஸ்ஸில் நசுங்கினால் மேல் புல்லிதழும் அல்லிதழ்களும் ஒட்டிக்கொள்ளும். அல்லிதழ் ஒற்றையா, இரண்டாகப் பிளந்ததா என்பதே தெரியாமல் போகும். இனம் பிரிக்க அதுதான் முக்கியம். அதனால் இரண்டு பூவை 70 சதவீத ஆல்கஹாலில் போடுகிறோம். உதட்டிதழின் (மற்றவற்றிலிருந்து வேறுபட்ட, உதடுபோன்ற அல்லிதழ்) மடல்கள், தேன்குழல் (பூவின் பின்னால் நீளும் தேன் குழாய்) சூலகத்தைவிட நீளமா, அதன் நுனி பருத்திருக்கிறதா என்பதையெல்லாம் அளவுகோல் வைத்து, செடியில் இருக்கும்போதே படமெடுக்க வேண்டும். ஏற்கெனவே காய்ந்த பூ என்றால், சோப்புத் துளி விட்ட வெந்நீரில் சில நிமிடம் வைத்தால் விரியும்.

தண்டு சதைப்பற்றுள்ளது, பூப்பதோ மழைக்காலத்தில். பூவை விட்டுவிட்டுத் தண்டையும் இலையையும் ஒரு கணம் கொதிநீரில் முக்கி எடுத்தால் செடி பிரஸ்ஸுக்குள் உயிரோடிருந்து கருக்காது. முதல் சில நாள் தினமும் பேப்பர் மாற்றாவிட்டால் பூஞ்சணம் நிச்சயம்.

பிறகு பழைய ஷீட்டுகளோடு ஒப்பிட, கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம். இங்கேதான் பல 'புதிய பதிவுகள்' விழுந்துவிடுகின்றன. பழைய லேபிளில் 'சேலம் மாவட்டம்' என்றிருந்தால் அது இன்றைய கொல்லிமலையாக இருக்கலாம்; நாமக்கல் பிரிந்தது 1997-இல். தருமபுரி 1965-இல், கிருஷ்ணகிரி 2004-இல். மாவட்டத்தை விட்டுவிட்டு மலையின் பெயரையும் உயரத்தையும் ஒப்பிடுங்கள். பழைய தாவரப் பெயர்களிலும் தேட வேண்டும்: பெக்டெய்லிஸ் ஜைகான்டியா என்ற ஆர்க்கிட் முன்பு ஹேபனேரியாவாகத்தான் இருந்தது.

ஷீட்டை ஹெர்பேரியத்தில் ஒப்படைத்து வாங்கிய எண்ணைக் கட்டுரையில் கொடுங்கள். துல்லியமான ஜிபிஎஸ் அளவு வனத்துறைக்குக் கொடுக்கும் அறிக்கையில் இருக்கட்டும். அச்சில் இரண்டு தசம இடம் போதும். சுமார் ஒரு கிலோமீட்டர் வட்டாரத்தைக் காட்டும், கிழங்கு தோண்டுபவர்களைச் செடியின் அருகே கொண்டுபோய் நிறுத்தாது.