குடித்த தண்ணீரை விடுமா?

“இந்தக் கல்லு தண்ணி குடிக்காதுன்னு காகிதத்துல போட்டிருக்கீங்க. சரி சார். குடிச்சத விடுமான்னு பாத்தீங்களா?”

மேஸ்திரி கேட்டது இவ்வளவுதான். சுவருக்கு எந்தக் கல் என்று சோதித்து எழுதிய அறிக்கையில் நான் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டும் மணற்கல். அவர் காட்டியதில் நுண்துளை 19 சதவீதம், நான் தேர்ந்தெடுத்ததில் 8. அமுக்க வலிமையும் என் கல்லுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எவரும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். மூன்றாம் வருடம் சுவரில் முழங்கால் உயரத்தில் நகக்கனத்துக்குச் செதில் எழும்பியது. ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தேன். பின்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது, விரலில் சர்க்கரை போல மணல் உதிர்ந்தது.

துளை மொத்தம் எவ்வளவு என்று அளந்தேனே தவிர, ஒவ்வொரு துளையும் எவ்வளவு பொடிசு என்று பார்க்கவில்லை. பொடித் துளை நிலத்து ஈரத்தை விளக்குத்திரி மாதிரி உயரே இழுக்கும், லேசில் உலர விடாது. ஈரத்தோடு உப்பும் ஏறும். அது கல்லின் முகத்தில் படிந்தால் அசிங்கம் மட்டும்தான், துடைத்துவிடலாம். பொடித் துளை வழியாக ஈரம் முகத்துக்கு வந்துசேர்வது, காற்று உலர்த்துவதைவிட மெதுவானால் தோலுக்கு அடியிலேயே படிகமாகி உள்ளிருந்து தள்ளும். அப்படிப்பட்ட உப்புகளில் ஒன்றான சோடியம் சல்பேட் நீரை ஏற்றுப் படிகமாகும்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். வலிமை எண் என்பது கல்லை வெளியிலிருந்து நசுக்கிப் பார்த்து எடுத்தது. உள்ளிருந்து தள்ளினால் எந்தக் கல்லும் அதில் சிறு பங்குதான் தாங்கும். படித்த பாடம்தான்.

ஆனால் என்னை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. உப்புக்கரைசலில் 15 முறை ஊறவைத்து உலர்த்தும் சோதனைக்கு யாரும் நாள் கொடுக்கவில்லை. இணைப்புக்குச் சிமெண்ட் பூசினார்கள். அதிலேயே உப்பு உண்டு, ஈரம் வெளியேற வழியும் அடைந்துபோகும். மேஸ்திரியின் ஆட்களே சில கற்களை, மணல் படிந்த அடுக்குகள் படுக்கையாக இல்லாமல் வெளிமுகம் பார்க்கும்படி நிறுத்திவைத்திருந்தார்கள். அவை புத்தகத் தாள் மாதிரி உரிந்தன. அது என் அறிக்கையின் தப்பா?

பெரிய இடத்திலும் கல் தேர்வு தப்பியிருக்கிறது. ஹெல்சிங்கியின் ஃபின்லாந்தியா மண்டபத்தில் இத்தாலியின் கராரா சலவைக்கல் பலகைகள் வளைந்தன. அதன் கால்சைட் படிகம் சூட்டில் ஒரு திசையில் நீளும், குறுக்கே சுருங்கும். 1990களின் இறுதியில் மாற்றும்போதும் அதே கராராவையே போட்டார்கள், மறுபடி வளைந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும்.

அப்புறம் மிச்சத் துண்டுகளில் அந்த உப்புச் சோதனையைச் செய்தே பார்த்தேன். முதலில் முனை உதிர்ந்தது மேஸ்திரியின் கல்! அதாவது அன்று நாள் கொடுத்திருந்தாலும் என் கல்லே தேறியிருக்கும். முழுக்க முக்கினால் அதிகம் குடிக்கிற கல்தான் அதிக உப்பை வாங்கும். சுவர் குடிப்பது அடியிலிருந்து. அவர் கல் அங்கே நின்றிருக்குமா? தெரியாது.

இரண்டு துண்டுகளையும் ஒரு தட்டுத் தண்ணீரில் நிறுத்தி எடுத்து, மேசையில் வைத்தேன். மறுநாள் காலை அவருடையது வெளிறி லேசாக இருந்தது. என்னுடையது இன்னும் கருத்து, கை வைத்தால் சில்லென்றது.

அறிக்கைப் படிவத்தில் உலரும் நேரத்துக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்.