பெற்றோர் கையொப்பம் இல்லாத மதிப்பெண் அட்டை

காரைக்குடிக்கு அருகே, பழைய நகரத்தார் வீடொன்றில் இயங்கும் குழந்தைகள் இல்லத்தில் ஆறு ஆண்டுகளாக மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இல்லத்துப் பிள்ளைகள் படிப்பில் தடுமாறும்போது எங்கிருந்து உதவி பெறுவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேறு மாவட்டத்திலிருந்து ஆண்டின் நடுவில் வந்து ஏழாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுவனுக்குப் படிப்பே ஏறாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வீட்டின் உள்முற்றமான வளவின் ஆத்தங்குடிக் கல் தரையில் அவன் அருகில் உட்கார்ந்து கேட்டபோதுதான், ஒவ்வொரு சொல்லிலும் முதல் இரண்டு எழுத்தைப் படித்துவிட்டு மீதியை அவன் ஊகிப்பது தெரிந்தது. ‘பள்ளம்’ என்று இருந்ததைத் தயங்காமல் ‘பள்ளி’ என்றான். மெல்லப் பேச்சுக் கொடுத்ததில், மூன்றாம் வகுப்பில் பாதியும் நான்காம் வகுப்பு முழுவதும் அவன் பள்ளிக்கே போகவில்லை என்பது வெளிவந்தது. நடத்தாத பாடத்தை அவன் எப்படி அறிவான்? ஆகவே, பிள்ளையைக் குறை சொல்லுமுன் விடுபட்ட ஆண்டுகளைக் கணக்கெடுங்கள். கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் வரட்டும் என்று அவனை முதலில் மூன்று வாரம் காக்க வைத்தார்கள், அது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை அச்சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. பள்ளியில் சேராமலோ இடையில் நின்றோ போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், பின்தங்கிய பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தரவும் அதே சட்டம் வழிசெய்கிறது. இதைத் தலைமை ஆசிரியரிடம் பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். நகர்வில்லையென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ குழந்தைகள் நலக் குழுவையோ அணுகலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு. இல்லத்தில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்பதால், கல்வித் தேவையை அதில் பதியச் சொல்லுங்கள். அடுத்து வரும் பணியாளரும் அதைப் பார்த்துத் தொடர முடியும்.

எழுத்துகளே குழம்பும் பிள்ளைகளுக்கு கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைக் கேளுங்கள். கற்றல் குறைபாடு உறுதியானால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் பெற வழி உண்டு. ஆனால் மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது. எங்கள் இல்லத்து மாணவி ஒருத்திக்கு நாங்கள் தாமதமாக விழித்துக்கொண்டோம். அந்த ஆண்டு அவளுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விட, பள்ளிக்கு அடையாளம் தெரிந்த ஒரே ஒரு பெரியவர் பிள்ளைக்கு வேண்டும் என்பேன். அந்தச் சிறுவன் மதிப்பெண் அட்டையை இரண்டு மாதம் பையின் அடியில் மறைத்து வைத்திருந்தான். “யார்ட்டக்கா கையெழுத்து வாங்குறது?” என்று அவன் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. இப்போது அட்டை வரும் நாளில் இல்லப் பொறுப்பாளர் மாலையிலேயே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அழைத்து, மதிப்பெண்ணை அவர்களோடு சேர்ந்து படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறார்.