கல்லறையைச் சுற்றி ஒரு பாதை

லாஸ் ஏஞ்சலிஸின் பாயில் ஹைட்ஸில் பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த குடும்பங்கள். நெடுஞ்சாலைகள் பகுதியையே கூறுபோட்டுவிட்டன. காலாற நடக்க இடமில்லை. அதனால் எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி, உடைந்து கிடந்த நடைபாதையிலேயே ஓடினார்கள். விடாமல் கேட்டு, 2003இல் அங்கே ரப்பர் பாதை போட வைத்தார்கள். சுமார் 2.4 கிலோமீட்டர். வேலிக்கு அந்தப் பக்கம் கல்லறைகள், இந்தப் பக்கம் குழந்தை வண்டி தள்ளியபடி வேகநடை போடும் அம்மாக்கள். எவ்வளவு அழகு!

அப்புறம், பழ வண்டிகள். நறுக்கிய மாம்பழம், வெள்ளரி, தர்பூசணி. மேலே எலுமிச்சைச் சாறு, மிளகாய்த்தூள். தெருமுனையிலேயே கிடைக்கிற நல்ல சாப்பாடு. இதை விற்றவர்கள் மீது குற்றவழக்குப் போடுவதை கலிபோர்னியா மாநிலம் முழுக்க நிறுத்தியது 2018இல் வந்த சட்டம்தான். பழம் விற்றதற்கு வழக்கா? நினைத்தாலே மனசு ஆறவில்லை.