ஸ்மெதிக்கில் வாடகை வீடு: பார்க்கும் முன்னும் குடியேறிய பின்னும்

இங்கிலாந்தில் உள்ள ஸ்மெதிக்குக்குக் கடிதம் போட்டால் பர்மிங்காம் என்றுதான் எழுதுவார்கள்; அஞ்சல் குறியீடும் பி66, பி67. ஆனால் ஸ்மெதிக் பர்மிங்காம் மாநகராட்சியில் இல்லை, பக்கத்துச் சாண்ட்வெல் கவுன்சிலில் (உள்ளாட்சியில்) இருக்கிறது. கவுன்சில் வரி, குப்பைத் தொட்டி எல்லாவற்றுக்கும் அங்கேதான் பதிய வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் என்றால் வரியில் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. விண்ணப்பித்துவிடுங்கள், தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

போல்டனும் வாட்டும் 1796இல் நீராவி எந்திரம் செய்யத் திறந்த சோஹோ வார்ப்பாலை இங்கேதான் இருக்கிறது. 1895இல் அதைத் தராசு செய்யும் ஏவரி நிறுவனம் வாங்கியது. பின்னாளில் இந்த வட்டாரத்து வார்ப்பாலைகளுக்குப் பஞ்சாபிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. வெள்ளையருக்கு மட்டும் வீடு தரக் கவுன்சில் பார்த்த மார்ஷல் தெருவுக்கு 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸே நேரில் வந்தார்.

வாடகைக்கு வருபவற்றில் பல, அந்தக் காலத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது. குளிர்காலத்தில் சுவரின் உள்பக்கமும் சில்லிட்டுப்போகும். சோறு வடித்த ஆவி, குளித்த ஆவி எல்லாம் அதில் நீராய்ப் படியும். அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை பிடிக்கும். பிளீச் போட்டுத் துடைத்தால் ஒரு மாதம் தாங்கும், அவ்வளவுதான். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். சமைக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டு, முடிந்தபின்னும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் மேல் ஈரத்துணி காயப்போடுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை.

வீடு பார்க்கும்போது பின்பக்கப் படுக்கையறையின் மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் சந்தேகப்படலாம். வெளியே மழைநீர்க் குழாயின் கீழே சுவரில் பச்சைப் பாசி வழிந்திருந்தால் அது ஆவி இல்லை, ஒழுகல். வீட்டுக்காரர்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது வீட்டைச் சூடாக்கும் பாய்லர். கணப்பு ஓடாமல் ஆறியிருக்கும்போது அழுத்தம் காட்டும் முள் 1க்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது அழுத்த அலகு) இடையில் நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் அடியில் உள்ள நிரப்பு குழாயின் வால்வுகளை மெல்லத் திறந்து, 1.3 வந்ததும் இறுக மூடுங்கள். மூட மறந்தால் அழுத்தம் ஏறி, 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியே தண்ணீர் கொட்டும். வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிவு, அல்லது சூடேறி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுக்கலம் காற்றிழந்துவிட்டது. பாய்லர் உறையை நீங்களே கழற்றாதீர்கள். கேஸ் சேஃப் என்ற எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் உள்ளவர்தான் தொட வேண்டும். ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய கேஸ் பாதுகாப்புச் சான்றிதழின் நகலைக் குடியேறும் முன்பே கேட்டு வாங்குங்கள். டெபாசிட்டாகப் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.

கால்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு இரண்டு தளம். கீழே பர்மிங்காமின் நியூ ஸ்ட்ரீட் நிலையத்துக்கு வண்டி, மேலே ஸ்னோ ஹில் நிலையத்துக்கு வண்டி. அவசரத்தில் மாறி நிற்பது சகஜம். பழைய டீசல் காரில் பர்மிங்காம் நகர மையத்துக்குப் போனால், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான தூய காற்று மண்டலக் கட்டணம் நாளுக்கு 8 பவுண்டு. நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு பதினொன்றுக்கு உள்ளே போய் ஒரு மணிக்கு வெளியே வந்தால் 16 பவுண்டு.