உளோம், போகீர்

"என்னைப் பூண்டிக்குக் கூட்டிட்டுப் போறியா கண்ணு?"

காபி டம்ளரைக் கையில் வாங்கியபடியே அப்பா கேட்டார். அவருக்குப் பார்வை போய் அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்குப் பூண்டி என்றால் ஏரிதான். பள்ளியில் படித்தபோது சுற்றுலா போய், கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்ட இடம். அங்கே ஒரு பாடல் பெற்ற சிவன் கோயில் இருப்பதும், அது சிவனின் தோழர் என்று சொல்லப்படும் நாயனார் சுந்தரருக்குக் கண் போன கதையோடு சேர்ந்த கோயில் என்பதும் அப்பா சொல்லித்தான் தெரியும்.

அப்பாவுக்கு வந்தது கண் அழுத்த நோய். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. முதலில் ஓரப் பார்வைதான் போகும். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார், தட்டின் ஓரத்தில் வைத்த பொரியலைச் சாப்பிடாமல் எழுந்தார். வயதாகிவிட்டது என்று நினைத்து நாங்கள் சும்மா இருந்துவிட்டோம். டாக்டரிடம் போனபோது, சொட்டு மருந்து மிச்சமிருப்பதைத்தான் காக்கும், போனது போனதுதான் என்றார். அப்போது மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது.

நாற்பது வருடமாக ஒரு நாள் தவறாமல், காலையில் ஒரு தேவாரப் பதிகம் பாடிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பியவர். புத்தகம் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை, எல்லாம் மனப்பாடம். ஆனாலும் கண் போனதும் பாட்டை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அம்மா மட்டும் அமாவாசைதோறும் திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். வைத்திய வீரராகவர் என்று பேர் பெற்ற பெருமாள் அவர். சைவ வீட்டில் பிறந்த அம்மா, இந்த விஷயத்தில் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "என்ன பண்றது, போன ஜென்மத்து வினை." ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் போன பிறகு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

கண் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் எங்கள் பக்கத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணில் கட்டு. புற்றுநோயாம், கண்ணையே எடுத்துவிட்டார்கள். அது தன் அம்மாவின் வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்து வரை எண்ணும், அதற்கு மேல் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அன்றிலிருந்து வினை என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அந்த எண்ணிக்கைதான் காதில் கேட்கிறது. அந்தக் குழந்தையின் கணக்கில் என்ன வினை என்று, தைரியமிருந்தால், அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து யாராவது சொல்லட்டும்.

சரி, பூண்டிக்கு வருகிறேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் மின்சார ரயில் ஏறினோம். மடக்குக் கைத்தடி ஒன்றை அப்பாவுக்காக வாங்கியிருந்தேன். அவர் அதைத் தொட மாட்டார். "தெருவுல நாலு பேர் பார்ப்பாங்க" என்பார். இருந்தாலும் என் பையில் வைத்துக்கொண்டேன். ரயிலில் அப்பா தானாகவே கதை சொல்ல ஆரம்பித்தார். ஆறு மாதத்தில் அவர் அத்தனை நேரம் பேசியது அன்றுதான்.

திருவொற்றியூரில் சங்கிலியை மணக்க ஆசைப்பட்ட சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. ஏற்கெனவே திருவாரூரில் மனைவி பரவை இருக்கிறாள். அதனால் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருக்கும்படி சிவனிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார். கருவறையில் சாமி இல்லாதபோது செய்யும் சத்தியம் கட்டாது என்ற கணக்கு. சிவனோ சங்கிலிப் பக்கம் போய், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். இன்றும் மாசித் திருவிழாவில் ஒற்றியூரில் மகிழடி சேவை நடக்கிறது. பிறகு வசந்த காலம் வருகிறது. ஆரூர் நினைவு தாங்காமல் கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் இருண்டுவிடுகின்றன.

"அது தப்புக்குத் தண்டனைதானேப்பா?" என்றேன்.

"தண்டனைதான். விட்டுட்டுப் போன பொண்ணு பக்கம் சாமி நின்னாரு, அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா அதுக்கப்புறம் அவர் பாடுனதைக் கேளு." அப்பா குரலைத் தாழ்த்தி, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பாடினார்.

"அகத்திற் பெண்டுகள் நானொன்று சொன்னால்
அழையேல் போகுருடா எனத் தரியேன்"

வீட்டுப் பெண்கள், 'கூப்பிடாதே, போடா குருடா' என்று சொன்னால் என்னால் தாங்க முடியாதே என்கிறார் சுந்தரர். இது சுந்தரர் தேவாரமான ஏழாம் திருமுறையில் இருக்கிறது, கோயில்களில் ஓதுகிறார்கள். கண் போனவர் வீட்டுக்குள் என்ன பாடுபடுகிறார் என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் யாரும் அப்பாவை அப்படிச் சொன்னதில்லை. ஆனால் "நீங்க சும்மா உட்காருங்கப்பா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதே பதிகத்தில், மூன்று கண்ணுடைய நீ என் கண்ணைக் கொள்வதுதான் கணக்கு வழக்கு என்றால், ஓர் ஊன்றுகோலாவது தா என்று கேட்கிறார். அப்பா அந்த அடியையும் பாடிவிட்டு, திருநின்றவூர் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்திருந்தது.

திருவள்ளூரில் இறங்கிப் பஸ் பிடித்தோம். கூட்டம் இல்லை. பூண்டியில் இறங்கியதும் காற்று மாறியது. "தண்ணி நிறைய இருக்கு போல" என்று அப்பாதான் முதலில் சொன்னார்.

சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம் இப்போது அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காகக் கொசத்தலை ஆற்றின் குறுக்கே அணை கட்டி 1944-இல் முடித்தார்கள். அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத்தான் நீர்த்தேக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். நீர் பரவும் இடத்தில் பழைய கோயில் இருந்ததால் சாமியை எடுத்துவந்து, பூண்டியில் புதுக் கோயில் கட்டி வைத்தார்கள். ஊருக்குத் தாகம் என்றதும் இந்தக் கோயில் சிவனான ஊன்றீஸ்வரர் தன் வீட்டையே தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு இடம் மாறியிருக்கிறார். துன்பத்தை ஏன் அனுமதிக்கிறாய் என்று நாம் கேட்கும் சாமி, தானும் குடி பெயர்ந்தவர். இது பதிலாகாதுதான். ஆனால் கரையில் நின்று பார்த்தபோது என் நெஞ்சில் ஏதோ இளகியது.

கோயில் சின்னதுதான். குருக்கள் அப்பாவின் கையைப் பிடித்து மெதுவாக நந்தியிடம் கூட்டிப்போனார். அந்த நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கிறது. கண்ணைக் கேட்ட தோழனுக்குச் சிவன் கோலைக் கொடுக்க, சுந்தரர் கோபத்தில் அதை வீசி எறிந்தார், அது நந்தியின் கொம்பில் பட்டு ஒடிந்தது என்பது கோயிலில் சொல்லும் கதை. பக்கத்தில் கோலுடன் சுந்தரர் நிற்கிறார். அம்மனுக்கு மின்னொளி அம்மை என்று பெயர். பார்வை இல்லாமல் நடந்தவருக்கு மின்னலாக வழி காட்டினாளாம்.

"தொட்டுப் பாருங்க ஐயா" என்றார் குருக்கள்.

அப்பா நந்தியின் முதுகிலிருந்து தடவிக்கொண்டே போனார். திமில், கழுத்து, காது. முழுக் கொம்பு. பிறகு ஒடிந்த கொம்பு. அங்கே அவர் விரல்கள் வெகு நேரம் நின்றன. தொடுவதெல்லாம் அவருக்கு இப்போது பார்ப்பதுதான் என்பதால் நான் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் உள்ளே திரும்பி நின்று பாடினார்.

"பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்
பழியதனைப் பாராதே படலம்என்கண் மறைப்பித்தாய்
குழைவிரவு வடிகாதா கோயிலுளாயே என்ன
உழையுடையான் உள்ளிருந்து உளோம்போகீர் என்றானே"

பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தானே பிழை செய்தேன். உனக்கு வரும் பழியைக்கூடப் பார்க்காமல் என் கண்ணைப் படலத்தால் மறைத்துவிட்டாயே. கோயிலுக்குள் இருக்கிறாயா? உள்ளேயிருந்து வந்த பதில் இவ்வளவுதான்: "உளோம், போகீர்."

இந்தப் பதிலைச் சுந்தரரே அன்பான பதிலாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. யாரோ அயலார்போல 'இருக்கிறோம், போங்கள்' என்கிறார் தோழர். ஆனால் நான் அங்கே நின்றபோது அந்த 'உளோம்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தாய் என்பதற்கு அங்கே விளக்கம் இல்லை. வினை என்றோ சோதனை என்றோ நன்மைக்குத்தான் என்றோ சாமி சொல்லவில்லை. இருக்கிறேன் என்றார், ஒரு கோல் கொடுத்தார். ஆறு மாதமாக எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன அத்தனை விளக்கங்களையும்விட இது எனக்கு நேர்மையாகப் பட்டது. அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு இது போதுமா? போதாது. அவளுக்காகவும் ஒரு விளக்கு ஏற்றினேன். பெயர் தெரியாததால் அர்ச்சனைக்குக் கொடுக்க முடியவில்லை.

கதை அங்கே முடியவில்லை என்பதும் உண்மை. காஞ்சிபுரத்து ஏகாம்பரேஸ்வரர் கோயிலான ஏகம்பத்தில் சுந்தரருக்கு இடக்கண் கிடைத்தது. மற்றக் கண்ணுக்காகத் திருவாரூர் வரை நடந்தார். அங்கே பாடியதுதான் 'வாழ்ந்து போதீரே' என்ற பதிகம். அடியார் தங்கள் அல்லலைச் சொன்னால் வாளா இருக்கிறீரே, நன்றாக வாழ்ந்துபோம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். 'குற்றம் ஒன்றும் செய்ததில்லை, கொத்தை ஆக்கினீர்' என்கிறார். கொத்தை என்றால் குருடு. வெண்பாக்கத்தில் பிழைத்தேன் என்று ஒத்துக்கொண்டவர், ஆரூரில் குற்றமே செய்யவில்லை என்கிறார். வலிக்கிறவன் இப்படித்தான் மாற்றி மாற்றிப் பேசுவான். அந்தத் திட்டுக்குத்தான் வலக்கண்ணும் கிடைத்தது. கடவுளிடம் முறையிடுவதும் சண்டை போடுவதும் பக்திக் குறைவு என்று யாராவது சொன்னால், அந்தப் பதிகத்தைத் திருமுறையில் வைத்தவர்களிடம் போய்க் கேட்கட்டும்.

திரும்பும்போது ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். அப்பா தண்ணீர்ப் பக்கம் முகத்தைக் காட்டியபடி, "பழைய கோயில் எந்தப் பக்கம் இருந்திருக்கும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு திசையில் அவர் கையைத் திருப்பிவிட்டேன். கும்பிட்டார். கைத்தடி பையிலேயே இருந்தது. நானும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வீடு வந்து சேர இருட்டிவிட்டது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"என்ன சொன்னாரு சாமி?"

"உளோம்னாரு" என்றார் அப்பா.

"அவ்வளவுதானா? கண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"அது காஞ்சிபுரத்துல கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அப்பா நடையில் கால் வைத்தார். அம்மா சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பிரதோஷம் எந்தக் கிழமை வருகிறது என்று காலண்டரில் பார்க்கப் போனாள்.